கொளத்தூர்க் கடையில் வாங்கிய நீல கிரேஃபிஷ்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுள் ஒன்றில், சிங்கி இறாலைப் போன்ற நன்னீர் உயிரான நீல கிரேஃபிஷ் வாங்கினேன். அதை வீட்டுத் தொட்டிக்குப் பழக்கும் முறையைக் கடைக்காரர் பொறுமையாக விளக்கியதே இக்கடையின் சிறப்பு. பையை அப்படியே கவிழ்த்துவிடாமல், தொட்டி நீரை மெல்லிய ஏர் டியூப் வழியே சொட்டுச் சொட்டாகப் பையின் நீருடன் கலந்து, பின்னரே விட வேண்டும் என்றும், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றே போதும் என்றும் சொன்னார். அலங்காரக் குகை விற்கும் ஆசை இல்லாதவர் போலும்! தோலுரித்தபின் கழன்ற ஓட்டைச் சுண்ணாம்புச் சத்துக்காக அதுவே தின்னும் என்பதால் அகற்றக் கூடாது, செம்பு கலந்த மீன் மருந்துகள் அதற்கு நஞ்சு என்பவை பயனுள்ள எச்சரிக்கைகள். குறை ஒன்றுண்டு: குழாய்களைப் பற்றி ஏறித் தப்பிவிடும் இவ்வுயிருக்கு இறுக்கமான மூடி அவசியம் என்று வலியுறுத்தியவரிடம், அத்தகைய மூடியுள்ள தொட்டி இருப்பில் இல்லை.