அனோஹானா மூல ஓவியம் என்று நம்பி 32,000 யென்னைப் பறிகொடுத்தேன்

ஜப்பானில் தனி ஆட்கள் பழைய பொருட்களை விற்கும் செயலிகளில் அனிமே (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்) மூல ஓவியம் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 32,000 யென் கொடுத்து வாங்கியது வெறும் அச்சுத் தாள். அதே தாளை இன்னொருவர் தலையிலும் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

எந்தத் தொடர் என்று சொன்னால்தான் நான் ஏன் அவசரப்பட்டேன் என்பது விளங்கும். தலைப்பே ஒரு முழு வாக்கியம்: ‘அன்று நாம் பார்த்த மலரின் பெயர் இன்னும் நமக்குத் தெரியாது.’ ரசிகர்கள் சுருக்கி அனோஹானா என்பார்கள். 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒளிபரப்பான 11 பகுதிகள், அவ்வளவுதான். சிறு வயதில் ஆற்றில் விழுந்து இறந்துபோன மென்மா என்ற பெண், வளர்ந்த உருவத்தில், பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடக்கும் சிறுவயது நண்பன் ஜிந்தாவின் வீட்டுக்குள் வந்து உட்காருகிறாள். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். தனக்கு ஓர் ஆசை இருக்கிறது, அதை நிறைவேற்ற வேண்டும் என்கிறாள். அது என்ன ஆசை என்று அவளுக்கே நினைவில்லை. பிரிந்துபோன பழைய நண்பர்கள் அவளுக்காக மறுபடியும் ஒன்று கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் ‘அவள் சாவுக்கு நான்தான் காரணமோ’ என்று தனித்தனியே மறுகிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வருகிறது. பேய்க்கதை, காதல் கதை என்று எந்தப் பெட்டியில் போட்டாலும் எனக்கு அது துக்கம் விசாரிக்கப் போன வீட்டுக் கதை.

கதை நடக்கும் ஊர் சைதாமா மாநிலத்தின் சிசிபு. திரைக்கதை எழுதிய மாரி ஒகாதா பிறந்து வளர்ந்த ஊரும் அதுதான். பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் தனக்கும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். ஜிந்தாவின் அறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

கடந்த அக்டோபரில் டோக்கியோவின் இகெபுகுரோவிலிருந்து ரயில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். விரைவு ரயிலில் ஏறத்தாழ 80 நிமிடப் பயணம். 1931இல் கட்டிய பழைய சிசிபு பாலத்தில் இப்போது வண்டிகள் போவதில்லை, நடந்து போகலாம். தொடரில் வரும் பாலம் அதுதான். கீழே அரகாவா ஆறு. நடுப்பாலத்தில் நின்று எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அந்த ஈரம் காய்வதற்குள்தான் இந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது.

படத்தில் மென்மா பாலத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். பென்சில் கோடுகள். நிழல் தொடங்கும் இடங்களில் நீலக் கோடு, ஒளி படும் இடங்களில் சிவப்புக் கோடு. தாளின் ஓரத்தில் நடுவே ஒரு வட்டத் துளை, இரு பக்கமும் இரண்டு நீள் துளைகள். அனிமே வரைபவர்கள் தாள் நகராமல் இருக்கக் கட்டையில் மாட்டும் துளைகள் அவை. தலைப்பில் ‘கெங்கா’ என்று போட்டிருந்தது. இயக்கத்தின் முக்கிய நிலைகளை ஓவியர் கையால் வரையும் மூலத் தாளுக்கு அதுதான் பெயர். ‘ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒருவர் வழியாக வந்தது’ என்று ஒரு வரியும் இருந்தது. கும்பகோணத்தில் ஓவியம் படிக்கும் என் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று ஒரே மூச்சில் வாங்கிவிட்டேன். என்னை இந்தத் தொடர் பார்க்க வைத்தவனே அவன்தான்.

மூன்றாம் நாள் வந்தது. கெட்டியான கண்ணாடித்தாள் உறை, நான்கு பக்கமும் ஒட்டியிருந்தது. ‘காற்றுப் பட்டால் கோடு மங்கும், உறையைப் பிரிக்காதீர்கள்’ என்று ஒரு சீட்டு. அன்று மாலையே விற்பவரிடமிருந்து செய்தி: ‘பெற்றுக்கொண்டதாக உடனே மதிப்பீடு அளித்தால் உதவியாக இருக்கும்.’ இந்தச் செயலிகளில் நாம் கட்டும் பணம் முதலில் செயலியிடம் இருக்கும். நாம் மதிப்பீட்டை அழுத்திய பிறகுதான் விற்பவர் கைக்குப் போகும். அதற்குச் சில நாள் அவகாசமும் உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்தும், பிரித்துப் பார்க்காமலே அழுத்திவிட்டேன்.

அன்று இரவு தம்பியை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் முகம் மெல்ல மாறியது.

“அக்கா, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடி. பென்சில் மினுங்குகிறதா?”

மினுங்கவில்லை.

“சரி, உறையைப் பிரி. பரவாயில்லை, பிரி.”

கத்தரிக்கோலால் வெட்டினேன். தாளின் பின்பக்கம் விரலால் தடவச் சொன்னான். கையால் அழுத்தி வரைந்திருந்தால் சில இடங்களிலாவது கோடு தடம் பதிந்திருக்கும் என்றான். வழவழவென்று இருந்தது. ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குறியை ரப்பரால் தேய்த்தேன். ரப்பர் தேய்ந்ததே தவிரக் கோடு அசையவில்லை. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி நீலக் கோட்டின் மேல் வைத்தபோது, அது கோடாகவே இல்லை. பொடிப்பொடியான புள்ளிகள் வரிசையாக நின்றன. கடைசியாகத் துளைகள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவை துளைகளே அல்ல. கருப்பு மையில் அச்சடித்த ஒரு வட்டமும் இரண்டு பட்டைகளும். விளம்பரப் படத்தில் தாளைக் கருப்பு மேசைமேல் வைத்து எடுத்திருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு, துளை வழியாக மேசை தெரிவதுபோலத்தான் இருக்கும்.

இப்படி மூலத் தாளை அச்சடித்து வெளியிடுவதில் தவறில்லை. ‘ஃபுகுசேய் கெங்கா’, அதாவது நகல் மூல ஓவியம் என்றே பெயர் போட்டு, ரசிகர்களுக்கான அன்பளிப்பாகவும் விற்பனைப் பொருளாகவும் அதிகாரபூர்வமாகவே வெளியிடுவார்கள். நகல் என்று சொல்லி விற்றிருந்தால் அதற்குரிய விலை கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். ‘நகல்’ என்ற அந்தச் சொல்லை விளம்பரத்தில் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். விளக்கத்தின் அடியில், தேடுவோருக்காக வரிசையாகக் கொட்டிய இருபது முப்பது சொற்களுக்கு நடுவே, இரண்டே ஜப்பானிய எழுத்தில். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்பவர் அந்த இரண்டு எழுத்தைத்தான் எடுத்துக் காட்டினார். ‘கையால் வரைந்தது என்று நான் எங்கும் எழுதவில்லையே’ என்றார். செயலியின் அலுவலகமும், மதிப்பீடு முடிந்த வணிகத்தில் தலையிட முடியாது என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டது.

188 என்ற எண்ணுக்கு அழைத்தேன். ஜப்பானில் எங்கிருந்து அழைத்தாலும் அருகிலுள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைக்கும் எண் அது. பேசிய அம்மையார் பொறுமையாகக் கேட்டார், விளம்பரத்தின் படங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். ஆனால் விற்றவர் கடைக்காரர் அல்ல, தனி ஆள் என்பதால் அவர்கள் ஆலோசனை சொல்லலாமே தவிர இடையில் நின்று பேசித் தர முடியாது என்றார். வீடு தேடி வந்து விற்கும் பொருளைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை இங்கே உண்டு. நாமே இணையத்தில் பார்த்து வாங்கும் பொருளுக்கு அது கிடையாது. அங்கேயே வழி அடைத்துக்கொண்டது.

அதன் பிறகுதான் அந்த விற்பவரின் மற்றப் பொருட்களைப் புரட்டினேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. அதே தொடரின் ‘செல் ஓவியம்’ என்று ஒன்று 45,000 யென்னுக்கு இருந்தது. ஒளி ஊடுருவும் தாளில் வண்ணம் தீட்டும் அந்த முறையை ஜப்பானிய ஸ்டுடியோக்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஏறக்குறையக் கைவிட்டன. வண்ணம் கணினிக்குப் போய்விட்டது. 2011இல் வந்த தொலைக்காட்சித் தொடருக்கு செல் எங்கிருந்து வரும்? இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும், என் பணம் தப்பியிருக்கும்.

பென்சிலால் வரைந்த உண்மையான தாள்கள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்டுடியோக்கள் அவற்றைப் பொதுவாக வெளியே விற்பதில்லை. பெரும்பாலும் வேலை முடிந்ததும் கழித்துவிடுவார்கள். ஆகவே ‘ஸ்டுடியோ ஆள் வழியாக வந்தது’ என்ற வரி உண்மையாகவே இருந்தாலும், அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதை என் தம்பிதான் கேட்டான். வரைந்தவருக்குத் தெரியாமல் எடுத்து வந்த தாளாக இருந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வந்திருக்காது என்றான். எனக்கு அந்த யோசனையே வரவில்லை என்பது, பணம் போனதைவிட உறுத்துகிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், விளக்கில் சாய்த்து எடுத்த படமும் பின்பக்கப் படமும் துளைகளுக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்து எடுத்த படமும் கேளுங்கள். உண்மையான தாளை வைத்திருப்பவருக்கு இரண்டு நிமிட வேலை. வந்த பொருளைப் பிரித்துத் தடவிப் பார்க்கும்வரை, யார் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அந்த மதிப்பீட்டை மட்டும் அழுத்தாதீர்கள்.

நேற்று அதே மென்மா மறுபடியும் வந்திருக்கிறாள். வேறு பெயர், வேறு கணக்கு, விலை 29,800 யென். கருப்பு மேசை அதேதான். வலப்பக்க மூலையில் உள்ள கீறல்கூட அதே இடத்தில் இருக்கிறது. புகார் கொடுத்துவிட்டேன். இதை எழுதும் நேரம்வரை விளம்பரம் எடுக்கப்படவில்லை, யாரும் வாங்கவும் இல்லை.