வெளிநாட்டு டிஸ்க்கைப் போட எந்த பிளேயர்?

ஜப்பானிலிருந்து ஆசையாய் வரவழைத்த டிவிடியைப் போட்டதும் 'இந்த ரீஜனில் ஓடாது' என்று திரை சொல்லும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே! ரீஜன் என்பது, ஒரு டிஸ்க் உலகின் எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் ஓடலாம் என்று எண் போட்டுப் பூட்டும் முறை. இந்தியாவுக்கான ரீஜன் எண் 5. ஜப்பானுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் 2, அமெரிக்காவுக்கு 1, தென்கொரியா, ஹாங்காங்குக்கு 3. இந்தப் பூட்டைத் தாண்ட என்ன வழி?

செலவு குறைந்தது, சாதாரண பிளேயரை வாங்கி ரிமோட்டாலேயே பூட்டைத் திறப்பது. பல மாடல்களில் ட்ரேயை வெளியே தள்ளிவிட்டு, சில எண்களை வரிசையாக அழுத்தினால் ரகசிய மெனு ஒன்று வரும். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் வழியே கிடையாது. அதனால் காசு கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். மெனுவில் '0' வைத்தால் எல்லா ரீஜனும் ஓடும் என்பார்கள். ஆனால் சில அமெரிக்க டிஸ்க்குகள், பிளேயர் 0-வில் இருப்பதை மோப்பம் பிடித்து ஓட மறுத்துவிடும். 1, 2 என்று தனித்தனியாக மாற்ற இடம் தரும் பிளேயர்தான் நல்லது.

பூட்டை நீக்கியே விற்கும் மல்டி ரீஜன் பிளேயருக்கு விலை கூடுதல், தலைவலி குறைவு. அமெரிக்காவிலிருந்து தருவிப்பதாக இருந்தால் பின்பக்கத்தில் வோல்டேஜ் பாருங்கள். 110 என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் பிளக்கில் செருகிய நொடியே கதை முடிந்தது.

லேப்டாப் டிரைவ்? அதில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அப்புறம் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும். விஎல்சி மென்பொருள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிடும். சில டிரைவ்கள் மட்டும் முரண்டு பிடிக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான், வேறு ஒரு காரணத்துக்காக. ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிஸ்க்குகளில் நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிடம் முன்பே முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்கினால் படம் தன் நடைக்குத் திரும்பிவிடும். சாதாரண பிளேயரில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

ப்ளூரே பக்கம் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'மல்டி ரீஜன் ப்ளூரே பிளேயர்' என்று எழுதியிருக்கும்; திறந்திருப்பது டிவிடி பூட்டு மட்டுமாக இருக்கும். ப்ளூரேவுக்கு ஏ, பி, சி என்று தனிப் பூட்டு. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, நாம் சி. இதைத் திறக்கப் பெரும்பாலும் ரிமோட் போதாது, உள்ளே சிப் மாற்ற வேண்டும்; விலை எகிறுவது அதனால்தான். 'ஏ, பி, சி மூன்றும் ஓடுமா?' என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் தொல்லையே இல்லை. ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே வைத்துத் தரும் ப்ளூரேவுக்குப் பூட்டு இருக்கலாம்.