ஆடம்ஸா, எம்பிடைனா?

கட்டமைப்புப் பகுப்பாய்வில் ஊறிய பேராதனைப் பொறியியல் பட்டதாரிகள் பலர், பல்லுடல் இயக்கவியல் (மூட்டுகளால் இணைந்த பல உறுப்புகளின் அசைவையும் விசையையும் கணிப்பது) பழக ஆடம்ஸ், எம்பிடைன் என்ற இரு மென்பொருள்களில் எதைத் தொடுவது என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: ஆடம்ஸ் வணிக மென்பொருள், உரிமம் கையைக் கடிக்கும். மிலானில் உருவான எம்பிடைன் இலவசம்.

எளிமை: ஆடம்ஸில் திரையிலேயே மூட்டுகளைப் பொருத்தலாம். எம்பிடைனில் எல்லாமே உரைக்கோப்பு, தொடக்கத்தில் எரிச்சல்தான்.

கற்றல்: இங்குதான் விடயமே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலரை எடுங்கள். கொழுந்து நிரம்பிய ஜாக்கெட் என்ற உருளையை மூன்று கிராங்குகள் (சுழல்கைகள்) வட்டப் பாதையில் நகர்த்துகின்றன. எல்லாவற்றிலும் சுழல்மூட்டு (ஓர் அச்சில் மட்டும் சுழலவிடும் மூட்டு) போட்டால் கட்டுப்பாடுகள் தேவைக்கு மேல் மிஞ்சிவிடும்; எந்த மூட்டு எவ்வளவு விசை தாங்குகிறது என்று தனித்துச் சொல்ல முடியாது. நமக்குப் பழகிய கட்டமைப்புக் கணக்கில், உறுப்புகள் தத்தம் விறைப்புக்கு (வளைய மறுக்கும் தன்மைக்கு) ஏற்ப விசையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் சற்றும் வளையாததாகக் கொள்ளும் திண்ம உடலில், அப்படிப் பகிர விறைப்புக் கணக்கே கிடையாது. ஆடம்ஸ் மிகுதியான கட்டுப்பாடுகளைத் தானே நீக்கி, எச்சரிக்கையோடு ஓடும். அப்போது ஒரு தாங்கியின் விசைக் கூறு பூச்சியமாகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். எம்பிடைனோ பெரும்பாலும் நின்றுவிடும். மூட்டை நீங்களே தளர்த்த வேண்டும், அல்லது கிராங்கை நெகிழும் உத்தரமாக்க வேண்டும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

வாகன நிறுவன வேலையைக் குறிவைப்பவருக்கு ஆடம்ஸ்; ஆன்சிஸ் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் கணித்த அதிர்வு வடிவங்களையும் அது ஏற்கும். ஹட்டனில் வேலை முடிந்து வீட்டுக் கணினியில் பழகுபவருக்கு எம்பிடைன்.