பூனையும் வேண்டும், அம்மாவும் மூச்சு விட வேண்டும்: ஏர் பியூரிஃபையருடன் 8 மாதம்

கறுப்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்குப் பூனை அலர்ஜி இருப்பதே தெரிந்தது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண் அரிப்பு, மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் காரணம் பூனைதான் என்று உறுதியானது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன், "அவளை எங்கே அனுப்புறது?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்புறம் தேடித்தேடி வாங்கியதுதான் காற்றைச் சுத்தம் செய்யும் இந்த மிஷின்.

இது நான் வாங்கிய இரண்டாவது மிஷின் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவதன் பெட்டியில் 'ஹெபா டைப்' என்று போட்டிருந்தது, அதையும் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டரையும் ஒன்றென்று நினைத்து வாங்கிப் பணம் வீண். உண்மையான ஹெபா ஃபில்டர் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், 'டைப்' என்று எழுதிக்கொள்ள அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பூனை விஷயத்தில் இது ஏன் முக்கியம் என்றால், அலர்ஜியைக் கிளப்புவது முடியே இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஃபெல் டி 1 என்கிற புரதம்தான் முக்கியக் காரணம், பூனை உடம்பை நக்க நக்க அது முடியில் ஒட்டிக் காய்ந்து பொடியாகி உதிர்கிறது, அதில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியதாக இருப்பதால் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கிறது. முடியே இல்லாத பூனைக்கும் இது உண்டு. "அலர்ஜி தராத ஜாதி" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சரி, மிஷின் எப்படி? முதல் இரண்டு மாதம் ஹாலில் வைத்திருந்தேன், கறுப்பி அங்கேதான் அதிகம் இருப்பாள் என்பதால். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அவள் சோபாவில் புரள்கிறாள், நாம் போய் உட்கார்ந்ததும் படிந்ததெல்லாம் மறுபடி கிளம்புகிறது. காற்றில் மிதப்பதைத்தான் மிஷின் இழுக்கும், துணியில் படிந்ததை இழுக்காது. பிறகு அம்மாவின் படுக்கையறைக்கு மாற்றி, கறுப்பி அந்த அறைக்குள் வரவே கூடாது என்று கதவைச் சாத்தினோம், மெத்தை, தலையணைக்கு அலர்ஜி உறை போட்டோம், போர்வைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் அம்மா இரவு முழுக்க மூக்கடைப்பு இல்லாமல் தூங்கினார். அதனால் என் தீர்ப்பு இதுதான்: பூனை வராத படுக்கையறையில் வைத்தால் பிரமாதமான பொருள், பூனை புரளும் ஹாலில் வைத்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கும்போது சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று வருகிறது என்ற கணக்கு அது. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. இது 8 அடி உயரக் கூரைக்கான கணக்கு, கூரை உயரம் என்றால் இன்னும் அதிகம் தேவை. நான் ஒரு அளவு பெரியதாகவே எடுத்தேன், அதனால் நடு வேகத்திலேயே அறைக்குப் போதுகிறது, அந்த வேகத்தில் சத்தமும் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

எனக்குப் பிடிக்காதது ஆட்டோ மோட். அதன் சென்சார் புகை, தூசி அதிகமானால் விழித்துக்கொள்கிறது, ஆனால் அம்மாவைத் தும்மவைக்கும் அளவு பூனைப் புரதம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பச்சை விளக்கு எரிய எரிய அம்மா தும்முவார். ஆட்டோவை விட்டுவிட்டு 24 மணி நேரமும் நடு வேகத்தில் ஓடவிடுகிறோம். ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கும் ஓடிய மணி நேரத்தை எண்ணித்தான் எரிகிறது, அழுக்கைப் பார்த்து அல்ல, எனவே ஃபில்டரை நீங்களே கழற்றிப் பாருங்கள். வெளிப்பக்க வலையில் முடி சேரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் சுத்தம் செய்கிறேன், அலர்ஜி உள்ளவர் அதைத் தொடவே கூடாது. காற்றில் மின்னூட்டம் ஏற்றும் அயனி பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அணைத்தே வையுங்கள், சில மிஷின்களில் அது ஓசோனை உண்டாக்கும், மூச்சுக் குழாய்க்கு நல்லதில்லை. கார்பன் ஃபில்டர் மிக மெல்லியது. பூனையின் கழிப்பிடமான லிட்டர் பாக்ஸின் நாற்றத்துக்கு அது போதாது, தினமும் அள்ளுவதுதான் வழி.

மருந்தை நிறுத்திவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அம்மா மூக்கு ஸ்ப்ரேயை இன்னும் மருத்துவர் சொன்னபடி அடிக்கிறார், அலர்ஜி மாத்திரையான செட்டிரிசின் மட்டும் எப்போதாவதுதான். இளைப்பு, வீசிங் உள்ளவர்கள் வீட்டில் மிஷினை நம்பித் தள்ளிப்போடாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த ஆட்டோ மோடுக்கு. கறுப்பி இன்னும் தினமும் இரவு அந்தக் கதவைப் பிறாண்டுகிறாள், காலையில் அம்மா வெளியே வந்ததும் காலைச் சுற்றிக்கொள்கிறாள், அம்மா அவளைத் தடவிக் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் கை கழுவுகிறார்.