எண்ணெய் எனாமல் பெயின்ட்: ஜன்னல் கம்பிக்குச் சரி, வெள்ளைக் கதவுக்கு வேண்டாம்

வீட்டுச் சுவர்களையெல்லாம் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பிடித்துக்கொண்ட பிறகும், ஜன்னல் கம்பி, கேட், கதவு, நிலை என்று பெயின்ட் கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது டர்பென்டைன் கலந்து அடிக்கும் சிந்தடிக் எனாமலைத்தான். ஆப்கோலைட், லக்சால் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் இருந்தாலும், டப்பாவுக்குள் இருப்பது தாவர எண்ணெயைக் கொண்டு செய்யப்படும் ஆல்கைடு பிசின் வகைதான். எங்கள் வீட்டில் கம்பிகளுக்கும் கதவுகளுக்கும் பல ஆண்டுகளாக இதையே அடித்து வருகிறோம். இரும்புக்கு இந்த விலையில் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வெள்ளை நிறம் அடிப்பதற்கு மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

டர்பென்டைன் ஆவியாகிவிட்டால் இந்தப் பெயின்ட் காய்ந்துவிட்டதாகப் பொருளில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, அதிலுள்ள எண்ணெய் மெல்ல மெல்லப் பிணைந்து இறுகுவதே உண்மையாகக் காய்வது. அவ்வாறு நிதானமாகக் காய்வதால்தான் பிரஷ் இழுத்த கோடுகள் தாமாகவே சமன்பட்டு, எமல்ஷனில் கிடைக்காத வழவழப்பும் பளபளப்பும் இதில் வருகின்றன. ஆனால் வேலையைச் சீக்கிரம் முடிக்க எண்ணி ஒரே கையில் கெட்டியாக அடித்துவிட்டால், மேலே ஏடு கட்டிக்கொண்டு அடியில் ஈரம் நின்று, சுருக்கம் விழும். மெல்லியதாக இரண்டு கை அடிப்பதும், இடையில் ஓர் இரவு விடுவதும்தான் முறை. மார்கழியில் பொங்கலுக்காகப் பெயின்ட் அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாலையில் அடித்த கேட்டின்மீது பனி இறங்கினால் மறுநாள் அதன் பளபளப்பு மங்கிவிடும். எனவே வெளிவேலையை வெயில் ஏறிய பிறகு தொடங்கிப் பிற்பகலுக்குள் நிறுத்திவிடுவது நல்லது.

வெள்ளை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மஞ்சளிப்பு. எங்கள் வீட்டில் வெள்ளை எனாமல் அடித்த கதவொன்றில் மாட்டியிருந்த நாட்காட்டியை வருடக் கடைசியில் கழற்றியபோது, அது தொங்கிய இடம் மட்டும் நாட்காட்டியின் அளவிலேயே மஞ்சளாகத் தெரிந்தது. வெளிச்சம் படாத இடத்தில் ஆல்கைடு பெயின்ட் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் ஓரளவு குறையும். அலமாரியின் உட்புறம், பரணின் கதவு, பீரோவுக்குப் பின்னால் மறைந்த நிலை ஆகியவற்றில் வெள்ளையும் தந்த நிறமும் நிலைப்பதில்லை. கரும்பழுப்பு, சாம்பல், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது.

எந்தப் பரப்பில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். சாதாரண இரும்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடித்து, அதன்மேல் எனாமல் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் செய்த கேட்டுக்கோ, அந்தப் பூச்சோடு ஆல்கைடு வினைபுரிந்து சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாவதால், நேரடியாக அடித்த பெயின்ட் நாளடைவில் தோல் தோலாக உரியும். அதற்கென்று விற்கப்படும் பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய சிமென்ட் பூச்சின் காரத்தன்மையும் இதே கெடுதலைச் செய்யும் என்பதால், ஈரம் காயாத சுவரில் எண்ணெய் பெயின்டை அடிக்கச் சொல்லும் பெயின்டரின் யோசனையை ஏற்க வேண்டாம். பழைய வீடானால் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு. 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் ஈயம் உள்ள வீட்டுப் பெயின்டைத் தயாரிப்பதற்கு இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் தடை வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும், அதன் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

இதன் பெருங்குறை வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்தாலும் சில நாள்கள் அது போவதில்லை என்பதால், கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ளவர்களோ இருக்கும் வீட்டில் உள்ளறைக் கதவுகளுக்கு நீரில் கலக்கும் எனாமலை வாங்குவதே சரி. அது விரைவில் காய்கிறது, வெள்ளையும் மஞ்சளிப்பதில்லை, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். விலைதான் சற்றுக் கூடுதல், பிரஷ் கோடும் கொஞ்சம் தெரியும். வெயிலும் மழையும் படும் கம்பிகளுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் நான் இன்னமும் பழைய எண்ணெய் எனாமலையே வாங்குகிறேன். மிஞ்சியதை மூடி இறுக்கி வைத்தால் அடுத்த முறைக்கு உதவும். மேலே கட்டியிருக்கும் ஏட்டைக் கலக்கிவிடாமல் தனியே எடுத்துவிட்டு, பெயின்டைப் பழைய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும்.