இ.ஜி.எம்-2 மீடியம் கிட்: வாங்கலாமா?

இரத்தக்குழாயின் உள்சுவரில் படர்ந்திருக்கும் எண்டோதீலியல் செல்களை வளர்க்கிறவர்களுக்கு லோன்சா கம்பெனியின் இந்தக் கிட் புதிதல்ல. செல்களுக்குத் தீனியாகும் திரவம்தான் மீடியம்; அதைக் கலக்கத் தேவையானதெல்லாம் இதில் இருக்கும். கோவை பீளமேட்டுப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் செல் கல்ச்சர் பார்க்கிறேன். பிரசவத்தில் தாயின் சம்மதத்தோடு எடுத்த தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து இந்தச் செல்களை வளர்த்தெடுப்பது எங்கள் வேலை. சர்க்கரை நோயில் காலுக்கு இரத்தம் போகாமல் புண் ஆறாதவர்களுக்கு என்றைக்காவது இவை உதவுமா என்று பார்க்கிறோம்.

500 மி.லி. அடிப்படை மீடியம் ஒரு பாட்டில். கூடவே குட்டிக் குப்பிகள்: செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் (வி.இ.ஜி.எஃப், இ.ஜி.எஃப், எஃப்.ஜி.எஃப், ஐ.ஜி.எஃப்), ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஹார்மோன், உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வைட்டமின் சி, ஆன்டிபயாட்டிக், 2 சதவீதம் வருகிற அளவுக்குச் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்). உறைந்து வரும் குப்பிகளை உருக்கி மீடியத்தில் ஊற்றினால் வேலை முடிந்தது. குப்பியில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் மீடியம் விட்டு அலசி ஊற்றுங்கள். வி.இ.ஜி.எஃப் குப்பியைச் சும்மா கவிழ்த்துவிட்டுத் தூக்கிப் போடும் புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எந்தக் காரணி எத்தனை அளவு என்று மட்டும் கம்பெனி சொல்வதில்லை. இவ்வளவு விலை கொடுத்துவிட்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாதது எரிச்சல்தான்.

சரி, செல் வளருமா? வளரும். செல் ஒட்டுவதற்காகக் கொலாஜன் என்ற புரதம் பூசிய தட்டில் இரத்தத்திலிருந்து பிரித்த செல்களைப் போட்டு, முதல் வாரம் தினமும் மீடியம் மாற்றுவோம். ஆரம்பத்தில் செத்தது, மிதப்பது, உருண்டை உருண்டையாய் ஒட்டியது என்று பார்க்கவே சகிக்காது. ஒரு வாரம், பத்து நாளில் ஏதாவது ஒரு ஓரத்தில் காலனி, அதாவது பெருகிய செல்களின் கூட்டம், முளைக்கும்: கல் பாவிய வாசல் மாதிரி, இடைவெளி விடாமல் அடுக்கிய செல்கள். “அம்மிணி, வந்துருச்சு பாரு” என்று எங்கள் சீனியர் அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிடுவார். வளர்ச்சிக் காரணிகள் இல்லாத சாதாரண மீடியத்தில் இதே செல்கள் சோம்பி நின்றுவிடும். ஒன்று மட்டும்: தொப்புள்கொடி இரத்தத்துக்கு 2 சதவீதம் சீரம் பற்றாது, தனியாக வாங்கி 10 சதவீதம் ஆக்குகிறோம். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் நோயாளிக்குள் செலுத்தும் எண்ணத்தோடு வாங்கினால் யோசிக்க வேண்டும். கிட்டில் இருப்பது மாட்டுக் கருவின் சீரம். அதன் புரதம் செல்லோடு ஒட்டிக்கொண்டு உடம்புக்குள் போகும். அதற்குப் பதிலாக மனிதத் தட்டணுக்களை உடைத்து எடுத்த திரவத்தைச் சேர்த்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஹெப்பாரின் இல்லாவிட்டால் மீடியமே உறைந்துவிடும். நாங்களும் அந்தப் பக்கம்தான் நகர்கிறோம்.

பெரிய தலைவலி கிட் இல்லை, அது வந்து சேரும் வழி. எங்களுக்குச் சப்ளை செய்தவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியை அனுப்பி வைத்தார். உலர்பனி துளிகூட மிச்சமில்லை, குப்பிகள் எல்லாம் உருகிக் கிடந்தன. மாற்றித் தரச் சொன்னதற்கு, “சில்லுனுதானுங்க இருக்குது” என்றார். கடைசியில் பாதி விலையில் இன்னொன்று தந்தார். இப்போது திங்கட்கிழமை அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம், பெட்டியைப் பிரிக்கும் முன்பே போட்டோவும் எடுத்துவிடுகிறோம்.

ஆராய்ச்சிக்கு 5-க்கு 4 கொடுப்பேன். சிகிச்சைக்கு என்றால் 2. கலந்த மீடியம் 4 டிகிரியில் ஒரு மாதம்தான் தாங்கும், அதனால் சின்ன ஆய்வுக்கூடங்கள் ஆஃபரைப் பார்த்து மூன்று பாட்டிலை ஒன்றாகக் கலந்து வைக்காதீர்கள்.