மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே: ஏழு வருட சைக்கிள் அனுபவம்

2017ல் முதல் ரோடு பைக், அதாவது சாலையில் ஓட்டுகிற லேசான சைக்கிள், வாங்கினேன். வாங்கிய மூன்றாவது வாரமே அதை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறக் கிளம்பிவிட்டேன். பர்லியார் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பக்கத்தில் ஊர்ந்து போன பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் இந்தப் பவானிப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிய மலைச்சாலைகளிலும் ஏழு வருடம் ஓட்டியிருக்கிறேன். எந்தச் சாலை நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு அந்தச் சாலையில் இருக்கப்போகிறீர்கள் என்பதுதான் என் எதிர்க்கேள்வி.

முதலில் அந்தப் பெட்ரோல் தீர்ந்த கதையை முடித்துவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் ரயில் நிலையம் 1,700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாலையில் 33, 34 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏற்றம்தான் வரும். இந்தக் கணக்கை நம்பித்தான் நானும் போனேன். ஆனால் கல்லாறு வரை ஏழெட்டு கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதரை, பாக்குத் தோப்பு நிழலில் சும்மா உருளலாம். ஏற வேண்டிய உயரம் அத்தனையும் அதற்கு அப்புறம்தான் காத்திருக்கிறது. கல்லாற்றிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்து. ஐந்துதானே என்று தோன்றும். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மூச்சு வாங்க ஒரு சமதரை கிடைக்காத ஐந்து அது.

வண்டியை விற்ற கடைக்காரர் "லேசான ஃப்ரேம் சார், மலையில பறக்கும்" என்றார். ஃப்ரேம் லேசுதான். முன்னால் இரண்டு பல்சக்கரம், 50 பல்லும் 34 பல்லும். பின்னால் பல் கூடினால்தான் ஏற்றத்தில் மிதி லேசாகும், அங்கே பெரிய பல்சக்கரத்திலேயே 25 பல்தான். பந்தயக்காரர்களுக்கு அது போதும். வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்காருகிற எனக்குப் போதவில்லை. அடுத்த வருடம் பின்னால் 34 பல் வரை உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, போட்டேன். அதற்காக, செயினைப் பல் மாற்றித் தள்ளும் பின் டெரெயிலரையும் நீளக் கை உள்ளதாக மாற்ற வேண்டி வந்தது. முன்னால் 34, பின்னால் 34, ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக ஒரு சுற்று. நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலேதான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும். ஏழு வருடத்தில் சைக்கிளுக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான். எடை குறைக்கிறேன் என்று வாங்கிப் போட்ட மற்றதெல்லாம் சும்மா.

குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு என்று பலகை வைத்திருப்பார்கள். ஏறுகிறவனுக்கு அது ஆறுதலா வேதனையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வளைவில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் இடது ஓரமாக ஓட்டுகிறோம். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம், அங்கே சாலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். வலது பக்கம் திரும்புவதில் வெளிவட்டம் கிடைக்கும், சாய்வு குறைவு, மூச்சு விடலாம். எனவே இடது வளைவு கண்ணில் படும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் குறைத்தால் செயின் முனகும், சில சமயம் கழன்றே விழும். பின்னால் லாரி இருக்கும்போது அது நடந்தால் வாழ்க்கையில் மறக்கமாட்டீர்கள்.

பர்லியாரில் பழக்கடைகள் இருக்கின்றன. மங்குஸ்தான் காலத்தில் நிற்காமல் போவது பாவம். ஆனால் சட்டையின் பின்பாக்கெட்டில் வாழைப்பழம் தெரிகிற மாதிரி நிற்காதீர்கள். குரங்குகளுக்கு அந்தப் பாக்கெட் எதற்கு என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். கல்லாற்றிலிருந்து மலை ரயில் பற்சக்கரம் பிடித்து ஏறும்; அதன் பாதையில் 12 அடிக்கு ஓரடி உயர்கிற இடங்கள் உண்டு, சாலை அவ்வளவு மோசமில்லை. அந்த ரயில் குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை அதே நேரத்துக்குக் கிளம்பி அதற்கு முன்னால் குன்னூரில் டீ குடித்தேன். நூறு வருடத்துக்கு மேல் பழைய ரயிலை ஜெயித்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். இருக்கிறது.

ஆனாலும் இப்போதெல்லாம் நான் குன்னூர் சாலையில் ஏறுவதில்லை, இறங்க மட்டும்தான். காரணம் எளிது. மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும், ஒன்று குன்னூருக்கு, ஒன்று கோத்தகிரிக்கு. கோத்தகிரிக்கும் ஏறக்குறைய 33 கிலோமீட்டர்தான். மேலே கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி 20 கிலோமீட்டர் சாலை. மூன்றையும் சேர்த்தால் தொண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வட்டம். ஆரம்பத்தில் எல்லோரையும் போல் குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறங்கினேன். ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம், இறக்கத்துக்கு ஒரு மணி நேரம். அப்படியென்றால் அந்த மூன்று மணி நேரத்தையும் லாரிப் புகைக்குள் கழித்துவிட்டு, நல்ல காற்றில் ஒரு மணி நேரம் மட்டும் பறந்துவந்துகொண்டிருந்தேன். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. திருப்பிப் போட்டேன். குன்னூர் சாலையில் இறங்கும்போது நம் வேகமும் வண்டிகளின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், யாரும் ஆரன் அடித்துத் துரத்தமாட்டார்கள். மே மாதத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சீசனில் மேலே போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் எதிரே வரும் கார்களைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். நான் மே மாதத்தில் மலைக்கே போவதில்லை.

கோத்தகிரி சாலைதான் என் சாலை. கொண்டை ஊசிகள் குறைவு, சாலை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. குஞ்சப்பனை வரை வறண்ட காடு, வெயில் சுள்ளென்று அடிக்கும். மாமரம் என்கிற ஊரைத் தாண்டும்போது காற்று மாறும். சட்டை ஈரம் முதுகில் குளிர்வதை வைத்தே உயரம் சொல்லலாம். அரவேணு வந்தால் தேயிலை வாசம், தூரத்தில் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். 1819ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகை வழியாக இந்தப் பக்கமாகத்தான் மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இன்னும் இருக்கிறது. கோத்தகிரியில் சூடான டீயில் வர்க்கியை நனைத்து நாலு தின்றால், எரித்த கலோரி அத்தனையும் திரும்ப வந்துவிடும். கவலைப்படுவதில்லை.

இனி நேரத்துக்கு வருகிறேன். வெயிலுக்கும் போக்குவரத்துக்கும் முன்னால் ஏறிவிட வேண்டும் என்று சைக்கிள்காரர்கள் நாலரைக்கே கிளம்புவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2019ல் பலா காய்க்கும் காலம். இருட்டு பிரியாத நேரத்தில் குஞ்சப்பனை அருகே ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த பால் வண்டிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நிறுத்தினார். "தம்பி, மேல வளவுல ஒத்தை நிக்குதுங்க. போவாதீங்க." ஒத்தை என்றால் தனி யானை. என் விளக்கு காட்டிய வெளிச்சம் இருபது அடி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பலாப்பழ வாசம் மட்டும் வந்தது. அவர் வண்டியை ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே கிளை முறியும் சத்தம் கேட்டது, நான் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில்.

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. காட்டில் அதுதான் ஆபத்து. பஸ் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரியும், நாம் வருவது தெரியாது. ஏற்றத்தில் திரும்பி ஓட்டினாலாவது இறக்கம் கை கொடுக்கும். இறங்கும்போது வளைவு தாண்டி நேருக்கு நேர் போய் நின்றால் தப்பிக்க வழியில்லை. அன்றிலிருந்து என் விதி இது: நன்றாக விடிந்து முதல் பஸ் ஒன்றிரண்டு மேலே போன பிறகுதான் பாலத்தைத் தாண்டுவேன். சாயங்காலம் நாலு மணிக்குள் கீழே வந்துவிடுவேன். வெயில் கொஞ்சம் அடிக்கும், வண்டிகள் கொஞ்சம் கூடும். சரி, பரவாயில்லை. குஞ்சப்பனையில் டீக்கடையில் நின்று, முன்னால் ஏதாவது நிற்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சொல்வதற்கு மேல் எந்தச் செயலியும் இல்லை.

தண்ணீர் விஷயம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனால் கிடைக்காது. வண்டியில் இரண்டு பாட்டில் வைக்கத் தாங்கி இருக்க வேண்டும். சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், சில்லறை கையில் இருக்கட்டும். துணைக்குக் கார் வருகிறதென்றால் 2024 மே மாதத்திலிருந்து அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. முதல் மூன்று வருடம் ரிம் பிரேக், சக்கரத்தின் விளிம்பையே கவ்விப் பிடிப்பது. வெயில் காலத்தில் இறங்கும்போது ரிம்மைத் தொட்டால் சுடும். மழையில் பிடித்தால் அது யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். ஒரு நவம்பரில் மரப்பாலம் பக்கம் அது யோசித்த நேரத்தில் நான் மண் மேட்டில் இருந்தேன். முழங்கை மட்டும்தான் போனது. அடுத்த வண்டி டிஸ்க் பிரேக். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன்னால் கெட்டியாகப் பிடித்து, அப்புறம் விட்டுவிடுவதுதான் முறை. இன்னொன்று குளிர். வியர்த்து ஏறிவிட்டு அப்படியே இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப் பிரேக் கைக்கு வராது. விண்ட்சீட்டர் இல்லாத நாளில் டீக்கடையில் பழைய பேப்பர் கேட்டுச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்வேன். பார்க்க அசிங்கம், வேலை செய்யும்.

கடைசியாகக் கெத்தை. காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி வழியாக மஞ்சூர் போகும் சாலை, 43 கொண்டை ஊசிகள். மேல் பவானியில் கிளம்பும் ஆறு கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றி, முள்ளிப் பக்கம்தான் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கனடா உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் திட்டத்தின் குழாய்கள் கெத்தையில் மலையிலிருந்து நேராக இறங்குவதைப் பார்த்தால், தண்ணீருக்கு மட்டும் கொண்டை ஊசி தேவைப்படவில்லையே என்று பொறாமை வரும். இந்த மலையில் நான் ஓட்டியதிலேயே அழகான சாலை இதுதான், கடினமானதும் இதுதான். ஏழு வருடத்தில் நாலு தடவை முயன்று இரண்டு தடவை முடித்திருக்கிறேன். ஒரு தடவை கால் விட்டுவிட்டது. இன்னொரு தடவை சோதனைச் சாவடியில் இருந்தவர், மேலே கூட்டம் குட்டியோடு நிற்கிறது என்று திருப்பி அனுப்பினார். சண்டை போடவில்லை, குஞ்சப்பனை ஞாபகம் இருந்தது. அங்கே அனுமதி நாளுக்கு நாள் மாறும், கேட்காமல் கிளம்பாதீர்கள். போன் எடுக்காத இடங்கள் நிறைய. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு ட்யூப், பம்ப்போடு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மழைக்கு இந்த மலையில் இரண்டு பக்கம் உண்டு. தென்மேற்குப் பருவம் குந்தா, அவலாஞ்சிப் பக்கத்தை அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை அடிக்கும், மண் சரியும். எனவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கெத்தை இல்லை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை மற்ற இரண்டும் இல்லை. அந்த வாரங்களில் சிறுமுகை வழியாகப் பவானிசாகர் பக்கம் சமதரையில் ஓட்டுவேன். அங்கேயும் காடு உண்டு, யானை உண்டு, பகலில்தான். திம்பத்தின் 27 வளைவுகளில் ஒரு தடவை ஏறினேன், லாரி நெரிசலில் பாதி நேரம் நின்றேன், அதோடு சரி. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவுகள் ஏறலாமே என்று நண்பர் ஒருவர் மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார். புலிக்காட்டின் ஓரமாகச் சத்தமில்லாமல் ஓட்டிப்போக எனக்கு மனசில்லை. அவர் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.